சீசன் முடியட்டும்

கொடைக்கானலில் காட்டெருமையைப் பார்க்கக் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும். 'சீசன் முடியட்டும்' ஆசாமியைப் பார்க்க எதுவும் வேண்டாம். ஏதாவது ஒரு தெருவில் நின்றுகொண்டு, "என்னங்க, அந்த விஷயம் என்னாச்சு?" என்று பொதுவாக ஒரு குரல் கொடுங்கள். எந்த விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. குறைந்தது நான்கு ஜன்னல்கள் திறக்கும். "சீசன் முடியட்டுங்க!" என்று நான்கு பதில்கள் வரும்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி எதையும் செய்யமாட்டான். இவர்கள் எல்லாவற்றையும் செய்வார்கள், தாங்கள் ஆசைப்பட்ட அந்த ஒன்றைத் தவிர. வாங்கிய சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கமாட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக்கூட, "இந்தத் தடவை கூட்டமா இருக்கு, அடுத்த தடவை நிதானமா பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். நிதானத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

சாம்பிளுக்கு எங்கள் எதிர்வீட்டு மரியசூசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக பன் சுடுகிறவர். சீசன் வந்தால் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவார். அவருக்கு ஒரே ஒரு கனவு: வீட்டின் முன்னறையில் சொந்தமாக ஒரு பேக்கரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், திண்டுக்கல்லில் மூடப்பட்ட பேக்கரி ஒன்றிலிருந்து பெரிய ஓவனை வாங்கி, லாரியில் மலையேற்றி, ஆறு பேரைப் பிடித்து முன்னறையில் இறக்கினார். மகள் பெயரில் 'சுஜிதா பேக்கரி' என்று போர்டும் எழுதியாகிவிட்டது. அப்போது சுஜிதா மூன்றாம் வகுப்பு. இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டாள். போர்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. ஓவனின் தலையில் டிவி, வயிற்றுக்குள் குடைகளும் கல்யாண ஆல்பமும்.

காரணம் இல்லாமலா? ஏப்ரலில் சீசன் தொடங்கப் போகிறது, மே மாதம் சீசன், ஜூனில் சீசன் முடிந்த அலுப்பு, ஜூலையில் காற்று, ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா, செப்டம்பரில் இரண்டாவது சீசன், அக்டோபரிலும் நவம்பரிலும் மழை, டிசம்பரில் கிறிஸ்துமஸ், ஜனவரியில் உறைபனி, மார்ச்சில் தவக்காலமும் பரீட்சையும். பிப்ரவரி? அதில் இருப்பதே இருபத்தெட்டு நாள். அதை நம்பி யாராவது கடை திறப்பார்களா?

இந்த மே மாதம் அவர் மனைவி அனிட்டாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தா பாருங்க, ஒட்டன்சத்திரத்துல பொன்னுவேலுன்னு ஒருத்தர் மார்க்கெட் பக்கத்துல பேக்கரி போடுறாராம். சனிக்கெழம வண்டியோட வாராரு. ஓவனத் தூக்கிக் குடுத்துருவேன்."

"சீசன்ல போயி எதுக்கு அனிட்டா விக்கணும்? சீசன் முடியட்டும்."

விற்பதையும்கூடத் தள்ளிப்போடுகிற மனுஷன்! அனிட்டா ஓவன் மேலிருந்த டிவியை இறக்கித் தரையில் வைத்தார். மரியசூசையின் முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "சார், அது அங்கன கெடக்குற வரைக்கும் நானும் ஒரு பேக்கரிக்காரன்னு நெனப்பு இருந்துச்சு. அது போயிட்டா நான் வெறும் ஹாஸ்டல் சமையக்காரன்தான் சார்" என்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. மலைப்பாதை அடைத்துக்கொண்டது. எங்கள் வாசலிலிருந்து கீழே எத்தனை வளைவோ, அத்தனையிலும் கார்கள். மரியசூசை வீட்டு வாசலில் நின்றுபோன வேனிலிருந்து ஒரு மதுரைக்கார அம்மா தலையை நீட்டினார்.

"ஏங்க, வெள்ளனே கெளம்புனது. பிள்ளைக பசியில கத்துதுக. பக்கத்துல பேக்கரி எதுவும் இருக்கா?"

மரியசூசை ஒன்பது வருஷப் பழக்கத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "இருக்குங்க. சீசன் முடிஞ்சதும் தொறந்துருவோம்."

அந்த அம்மா முன்னால் நின்ற கார்களைப் பார்த்தார். பின்னால் பார்த்தார். "சரிங்க, தொறக்குறவரைக்கும் நாங்க இங்கனதான் நிப்போம் போல."

வேன் முழுவதும் சிரித்தது. மரியசூசை சிவந்துபோய் உள்ளே ஓடினார். அழத்தான் போகிறார் என்று நினைத்தேன். இல்லை! ஓவன் கதவு திறந்தது, குடைகள் பறந்து வாசலில் விழுந்தன, பின்னாலேயே ஆல்பம். கட்டிலுக்கடியிலிருந்து மைதா மூட்டையும் ஈஸ்டும் வந்தன. அவற்றை அனிட்டா எப்போது வாங்கி வைத்தார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம்மூர்க் குளிரில் மாவு லேசில் பொங்குமா? முக்கியமான விருந்தாளிக்கென்று பதினைந்து வருஷமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த கம்பளியை, உறையைக் கிழித்து எடுத்து மரியசூசை மாவுக்குப் போர்த்தினார். சுஜிதா சமையலறை சிலிண்டரை உருட்டி வந்தாள். ஓவன் பற்றிக்கொண்டது. ஒரு குடையை எடுக்க மறந்திருந்தார்கள். முதல் கால் மணி நேரம் தெருவெல்லாம் அதன் வாசனைதான்.

அதற்கப்புறம் வந்தது பன் வாசனை. கார் கதவுகள் வரிசையாகத் திறந்தன.

"ஒரு பக்கம் கருகியிருக்கேங்க" என்றார் மதுரைக்கார அம்மா, இரண்டாவது பன்னைக் கடித்தபடி.

"ஒம்பது வருஷம் லேட்டுங்க, அதான்" என்றார் மரியசூசை. அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

நான்காவது தட்டு வெளியே வரும்போது, தோளில் கயிறும் பின்னால் இரண்டு சுமைதூக்கிகளுமாக ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். பொன்னுவேல். லாரி மூன்று வளைவுக்குக் கீழே மாட்டிக்கொண்டதாம். முதலில் மூன்று பன் தின்றார். பிறகு கடமை ஞாபகம் வந்து, ஓவன்மேல் கையை வைத்து, வெடுக்கென்று எடுத்து உதறினார்.

"யாத்தே, இந்தச் சூட்டுல எப்படிங்க தூக்குறது? எப்ப ஆறும்?"

அனிட்டா கணவரைப் பார்த்தார். மரியசூசை அடுத்த தட்டை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, நிமிர்ந்து நின்று சொன்னார்:

"சீசன் முடியட்டுங்க!"

நீங்களும்தான் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் என் ஆர்மோனியத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. உங்கள் வீட்டு டிவி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? எழுந்து போய் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

என்ன, நாளைக்குப் பார்க்கிறீர்களா?