எச்சில் படாத மருந்து

மேதாவித்தனம் காட்டப்போய் முட்டாளானவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் வைத்தியம் செய்யப் போன இடத்தில், நோயாளியே எழுந்து வந்து விசிறும்படி தரையில் சாய்ந்த கம்பவுண்டர், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

யுத்தத்துக்குச் சற்று முந்தைய காலம். கிழக்கேகோட்டையில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். மிக்ஸ்சர் கலக்கி, சீசாவில் அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டுவதுதான் வேலை. நடை மட்டும் சிவில் சர்ஜன் நடை. அடுத்த தெருக் கிருஷ்ணையரின் மகள் தங்கத்துக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தியிருந்தது. பொருந்தாதது என் உத்தியோகம். "கம்பவுண்டர் டாக்டராக எத்தனை வருஷமாகும்?" என்று கிருஷ்ணையர் என் அப்பாவைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். (அப்பாவும் காத்திருந்தார்.) தங்கத்தைக் கோயில் வாசலில் இரண்டு தடவை பார்த்திருந்தேன். மூன்றாவது தடவைக்காகத் தினமும் கோயிலுக்குப் போனேன். பையனுக்குப் பக்தி வந்துவிட்டதென்று அம்மா பூரித்துப்போனாள்.

கிருஷ்ணையருக்கு இழுப்பு வியாதி. அதற்காகவே வந்ததுபோல் டாக்டரிடம் மதராஸிலிருந்து ஒரு புதுக் கருவி வந்தது. ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு பக்கம் ரப்பர் பந்து, மறுபக்கம் வாயில் வைக்கும் குழாய். குப்பியில் பத்துச் சொட்டு மருந்து விட்டுப் பந்தை அமுக்கினால் பனிப்புகையாக வரும். உள்ளே இழுத்தால் நெஞ்சு திறக்கும்.

ஒரு நாள் காலை, கிருஷ்ணையருக்கு மூச்சு முட்டுகிறதென்று ஆள் ஓடிவந்தது. டாக்டர் பிரசவ கேஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நீ போ. குழாய் வாய்க்குள்ளே இருக்கணும், உதடு மூடியிருக்கணும். அவ்வளவுதான். முடிச்சுட்டு நானும் வரேன்."

அவ்வளவுதானே! கருவியையும் மருந்துச் சீசாவையும் தெருவே பார்க்கும்படி ஏந்திக்கொண்டு போனேன்.

கிருஷ்ணையர் நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். குழாயை நீட்டினேன். அந்த நிலையிலும் ஒரு கேள்வி வந்தது.

"ஆர்... வாயிலே... வச்சதாக்கும்... இது?"

"புதுசு மாமா." (இரண்டு பேர் வாயில்தான் வைத்திருந்தது.)

"பித்தளைன்னா... புளி போட்டுத் தேய்க்கலாம். இது... கண்ணாடியாக்கும். நீ தூக்கிப் பிடி... நான்... அண்ணாந்துக்கறேன்."

தண்ணீரை உதட்டில் படாமல் குடிப்பவர், மருந்தையும் அப்படியே சாப்பிடுவதாக முடிவு செய்துவிட்டார். புத்தியுள்ள கம்பவுண்டராயிருந்தால் முடியாது என்றிருப்பான். நானோ மாப்பிள்ளை உத்தியோகத்துக்கு மனுப்போட்டவன்.

"பேஷா அண்ணாந்துக்கலாம் மாமா!"

சொட்டு மருந்தை விட்டு, ஒரு முழ உயரத்தில் பிடித்து அமுக்கினேன். புகை ஜன்னல் காற்றோடு போய்ச் சுவரிலிருந்த குருவாயூரப்பன் படத்தைச் சேர்ந்தது. மீண்டும் அமுக்கினேன். பகவானுக்கு இழுப்பு இருந்திருந்தால் அன்றே குணமாகியிருக்கும். கீழே மாமாவின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. கல்யாணம் கிடக்கட்டும், மனுஷன் கண்ணெதிரே போய்விடுவார் போலிருந்தது.

"இப்படி மாமா, இப்படி!" என்று குழாயை என் வாயிலேயே வைத்து, உதட்டை மூடி, இழுத்துக் காட்டினேன். ஒரு தடவை காட்டியிருந்தால் போதும். அந்நேரம் பார்த்து வாசற்படியில் தங்கம் வெந்நீர்ச் செம்போடு வந்து நின்றாள். ஆகையால் பதினைந்து தடவை காட்டினேன்.

அடுத்த நிமிஷம் நெஞ்சுக்குள் செண்டை மேளம். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. தரையில் சாய்ந்தேன். கிருஷ்ணையர் நாற்காலியை விட்டு இறங்கி, விசிறியை எடுத்து எனக்கு விசிற ஆரம்பித்தார்.

"அம்பி... பயப்படாதே... ஒண்ணும்... ஆகாது... கேட்டயா..."

அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை மூச்சு நின்றது. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

தங்கம் கருவியை என் கையிலிருந்து பிடுங்கினாள். குழாயை வெந்நீரில் அலசினாள்.

"எத்தனை சொட்டு?"

"ப-ப-பத்து," என்றேன்.

சீசாவிலிருந்து எண்ணி விட்டுக்கொண்டு அப்பாவிடம் போனாள். "வாயைத் திறங்கோ."

"இவன்... எச்சில்..."

"ஆகட்டும். மூச்சு வந்தப்பறம் குளிச்சுக்கலாம்."

அவர் திறந்தார். அவர் மூச்சை உள்ளே இழுக்கும் நேரம் பார்த்துப் பார்த்துப் பந்தை அமுக்கினாள். (இதை டாக்டர் எனக்கே சொல்லித்தரவில்லை.) கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. என் நடுக்கம் அடங்கவில்லை. டாக்டர் உள்ளே நுழைந்தவர் நேராக வந்து என் நாடியைப் பிடித்து, "இவனுக்கு யார் மருந்து கொடுத்தது?" என்றார்.

"அவரே," என்றாள் தங்கம்.

மூன்றாம் நாள் கிருஷ்ணையர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நான் கொல்லைப்பக்கம் ஒளிந்துகொண்டேன். அவர் அப்பாவிடம் சொன்னது கேட்டது: "உம்ம பிள்ளையைத் தனியா விட்டா ஆபத்தாக்கும். தங்கம் கூட இருக்கட்டும்."

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தெருவில் யாருக்கு இழுப்பு வந்தாலும் அவள்தான் போய்ப் பந்தை அமுக்குகிறாள். வாசலில் யாராவது "கம்பவுண்டர் இருக்காரா?" என்று கூப்பிட்டால் நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

"தங்கம், உன்னைத்தான்," என்கிறேன்.