ஐஸ் ஃபேக்டரியில் இரண்டு சூரியன்கள்

அம்மோனியா வாடை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கண் எரியும். எனக்கு இரண்டு சூரியன்கள் தெரியும். பாம்பன் ஐஸ் ஃபேக்டரிக்குச் சூரியன்களைக் கூட்டிவந்து குடிவைத்த மனுஷி இந்தப் பூமியில் ஒருத்திதான்: எங்கள் வெள்ளியக்கா. நட்சத்திரத்துக்கு எங்கள் பக்கம் வெள்ளி என்றுதான் பேர்; அதையே அவருக்கும் வைத்துவிட்டோம்.

நான் அங்கே மேனேஜர். மீன்பிடித் தடைக்காலம், படகுகளோடு ஃபேக்டரியும் தூங்கியது. அப்போதுதான் வெள்ளியக்கா மதுரையிலிருந்து ஒரு வேன் நிறையப் பழைய கம்ப்யூட்டர்களோடு வந்து இறங்கினார். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள் எப்படி ஒன்றாகக் கலக்கின்றன என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி.

"வாடகை வீட்டு ஓனர் விரட்டிட்டார் சார். தெருவுக்கே ஃபியூஸ் போகுதாம். உங்ககிட்ட மும்முனைக் கரண்டு சும்மாத்தானே கிடக்கு?"

ஐஸ் உடைக்கும் கொட்டகையை விட்டுக்கொடுத்தேன். உள்ளே விசிறிகள் விமானம்போல இரைந்தன. பல் துலக்கிய பிரஷ்ஷைக் காதில் செருகியபடியே திரிவார். யாராவது தும்மினால், நட்சத்திரம் கலைந்துவிடும் என்பதுபோல முறைப்பார்.

கணக்கில் புலி. ஒரே கணக்குதான் தப்பியது. தடைக்காலம் முடியும்வரை கொட்டகை தனக்கு என்று நினைத்துவிட்டார். படகு கிளம்பும்போது ஐஸ் தயாராக இருக்க வேண்டாமா? சில நாள் முன்பே மோட்டார் ஓடியாக வேண்டும். மோட்டாரைப் போட்டால் கரண்டு தொப்பென்று இறங்கும், கம்ப்யூட்டர்கள் அணையும். கணக்கை இடையிடையே சேமித்துவைக்கும் டிஸ்க்கை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. நின்றால் அத்தனை நாள் உழைப்பும் கடலில் கரைத்த பெருங்காயம்.

"இன்னும் ஒரு பகல் மட்டும் சார்…" மோட்டாரைப் போட வேண்டிய நாளில் வெள்ளியக்கா கெஞ்சினார்.

அந்நேரம் பார்த்து விசைப்படகு டிரைவர் சவரி அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நுழைந்தார்.

"என்ன மேனேசரு, மோட்டாரப் போடச் சொன்னா இங்கன படமா ஓட்டுற?"

திரையைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

இருட்டில் இரண்டு தீக்கோளங்கள் வெறிபிடித்துச் சுற்றின. பெரியதின் உடல் இளகி, நெருப்பு ஆறாகச் சின்னதை நோக்கி ஓடியது.

"என்னா தாயி இது?"

"ரெண்டு சூரியன்ணே. ஒண்ணாகப் போகுது."

"நெசமாவா?"

"மேல எங்கேயோ நெசமா நடக்குது. இது அதோட கணக்கு."

சவரி அண்ணன் வாசலைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, ஒருத்தனும் மோட்டாருல கைய வைக்காதீக! ஐஸு அக்கரையில மண்டபம் ஊருல வாங்கிக்கிருவோம். மேனேசரு, மொதலாளி கேட்டா மோட்டாரு மக்கர்னு சொல்லிரு."

படகுக்காரர்கள் திரண்டார்கள். யாரும் சொல்லவில்லை; ஒருவர் செருப்பைக் கழற்ற, எல்லாரும் கழற்றினார்கள். சாயங்காலம் சூரியன்கள் உரசின. ஒன்றுக்குள் ஒன்று இறங்கின. சிவப்பாய் ஒரு வெடிப்பு, சுருள்சுருளாய்ப் பிழம்பு, திரை ததும்பியது. அடங்கியபோது நடுவில் ஒற்றைக் கோளம், பூரிபோல உப்பி, மெல்லச் சுழன்றது. சவரி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். வெள்ளியக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பெரியது என்றால் என்னவென்று அன்றுதான் பார்த்தோம்.

மறுநாள் வேன் கிளம்பியது. சோறும் தூக்கமும் இல்லாமல் வெள்ளியக்காவின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. சவரி அண்ணன் ஓடிவந்து ஜன்னல் வழியே ஒரு சோற்றுப் பொட்டலத்தைத் திணித்தார்.

"வழியிலயே தின்னுரு தாயி. வெள்ளி எங்கயும் ஓடிராது."