இடுப்பில் துப்பாக்கி, கையில் இஞ்ச் டேப்

பலகை அளப்பவர் என்றொரு பிறவி எங்கள் டெக்ஸஸில் உண்டு. பார்த்தால் சாதுவாகத்தான் இருப்பார். கேட்டால் வழி சொல்வார், வண்டி நின்றுபோனால் தள்ளிவிடுவார், ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் நின்று உரக்கப் பாடுவார். ஆனால் ஒரு கடை வாசலில் 'துப்பாக்கியுடன் உள்ளே வராதீர்கள்' என்ற பலகையைப் பார்த்துவிட்டாரோ, போச்சு! நீங்களும் நானும் அந்தப் பலகையைப் படிப்போம். அவர் அளப்பார்.

எதற்கு அளக்க வேண்டும் என்கிறீர்களா? எங்கள் சட்டம் அப்படி. அந்தப் பலகையில் எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் பலகை செல்லாது என்பது இவர் கட்சி. மளிகைக் கடைக்காரர் பாவம், 'தயவுசெய்து' என்று ஆரம்பித்துக் கீழே ஒரு சிரித்த முகமும் வரைந்து மாட்டியிருப்பார். நம்மவர் டேப்பை எடுத்து, நீட்டி, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, 'முக்கால் அங்குலம்தான்' என்று மனம் குளிர்ந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய், அரை டஜன் முட்டை வாங்கிக்கொண்டு வருவார். அரை டஜன் முட்டைக்கு எதற்கய்யா துப்பாக்கி? கேட்டுத்தான் பாருங்களேன், பொழுது சாய்ந்துவிடும்.

துப்பாக்கியை ஒளித்து வைத்திருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கும்போது மேலே ஒரு தடித்த அங்கி எதற்கு? கீழ்த்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கக் குனியாமல், ஜெபம் செய்கிறவர் மாதிரி நிமிர்ந்தபடியே மண்டியிடுவது எதற்கு? ஊருக்கே தெரியும். கல்யாண விருந்தானாலும் சரி, சாவு வீட்டுச் சாப்பாடானாலும் சரி, முதுகு சுவரில் படவேண்டும், கண் வாசலைப் பார்க்கவேண்டும். அதற்காகத் துக்கத்தில் இருக்கிற விதவையைக்கூட எழுப்பி அடுத்த நாற்காலிக்கு மாற்றுவார். கேட்டால் ஒரே பதில்: "எனக்காகவா சுமக்கிறேன்? உங்களுக்காகத்தான்!"

எங்கள் ஊர் டில்லர்ட் கிரீக்கில் இந்த இனத்தின் கொடிகட்டிப் பறந்த ஆசாமி வெர்லன் ஸ்டக்கி. நாற்பது வருஷம் கிணற்று மோட்டார் பழுது பார்த்துவிட்டு ஓய்ந்தவர். அந்த நாற்பது வருஷத்தில் அவரை யாரும் சுட வரவில்லை. ஒரு முறை வாத்து துரத்தியிருக்கிறது. மனைவி போய்ச்சேர்ந்த பிறகு வாரத்தில் அவர் காத்திருப்பது ஒரே ஒரு வேளைக்குத்தான். சனிக்கிழமை காலை, மகள் ரோண்டா நடத்தும் பான்கேக் கடை, எதிரே ஐந்து வயதுப் பேத்தி பிர்டி. அவள் தட்டில் அவர் பாகு ஊற்ற வேண்டும். அவர் தட்டில் அவள் ஊற்ற வேண்டும். அதில் சிந்துவதைத் துடைப்பதுதான் மனிதருக்கு மிச்சமிருந்த சந்தோஷம்.

ஏப்ரலில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் துப்பாக்கி இடுப்பிலிருந்து நழுவிக் கல்லாவருகே விழுந்தது. வெடிக்கவில்லை. ரோண்டா அன்றைக்கே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினாள். அடுத்த சனிக்கிழமை வந்த தகப்பனார் என்ன செய்தார்? சொந்த மகளின் பலகையை அளந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"அரை இஞ்ச்தாம்மா இருக்கு. ஸ்பானிஷையும் காணோம். இது செல்லாது."

"அப்பா, பின்னால ஜனங்க நிக்கறாங்க. வழிய விடுங்க."

இதை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கப்புறம் ஐந்து சனிக்கிழமைகள், தலையே போனாலும் துப்பாக்கி போகாது என்று சட்டைக்கடியில் வைத்துக்கொண்டே பாகு ஊற்றினார்.

ஆறாவது சனிக்கிழமை வயிறு சரியில்லை. இடுப்பில் துப்பாக்கி சுமப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை எந்த வீரரும் மேடையில் சொல்வதில்லை. கழிப்பறையில் கால்சட்டையை இறக்கினால் துப்பாக்கியும் கூடவே இறங்கும். அதனால் அதைக் கழற்றி எங்கேயாவது வைத்தாக வேண்டும். வெர்லன் காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்தார். காரியம் முடித்தார். சுத்தமான மனிதர், சோப்புப் போட்டுக் கை கழுவினார். வெளியே வந்து உட்கார்ந்தார். இடுப்பு லேசாக இருப்பதுகூட அவருக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னபடி இனிப்பைக் குறைத்தது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்கு இருந்த அந்த ஒரே கழிப்பறைக்கு அடுத்ததாகப் போனவள் பிர்டி.

போனவள் உடனே திரும்பி வந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "தாத்தா, உள்ள ஒரு துப்பாக்கி இருக்கு. நான் தொடல. அம்மா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பரிமாறுகிற கிரேசியெலா கையிலிருந்த தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கழிப்பறைக் கதவை மறித்து நின்றாள். ரோண்டா கல்லாவை விட்டு வெளியே வந்தாள்.

"யாரோடது?" என்றாள்.

கடையில் பதினோரு ஆண்கள் இருந்தார்கள். பதினோரு கைகளும் அசைந்தன. ஒன்று இடுப்பைத் தடவியது, ஒன்று கணுக்காலை, ஒன்று அக்குளை. வேதபாடம் எடுக்கிற லாயிட்டின் கை பைபிள் உறைக்குள் போய் வந்தது. பத்து முகங்களில் அப்பாடா என்றொரு நிம்மதி. துப்பாக்கி கூடாது என்று எழுதிய கடையில் பத்துத் துப்பாக்கிகள் பத்திரமாக இருந்தன! பதினோராவது கை மட்டும் வெறும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வெர்லன் பிர்டியின் விரல்களைப் பார்த்தார். பாகு ஒட்டிய சின்ன விரல்கள். அந்த விரல்கள் அரை நிமிஷம் ஆசைப்பட்டிருந்தால்? மனிதராகப் பிறந்தவர் அப்போது அழுதிருப்பார். பலகை அளப்பவர் வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா?

"சேஃப்டி போட்டுத்தாம்மா வச்சிருந்தேன்."

ரோண்டா அவர் எதிரே வந்து நின்றாள்.

"சட்டம் சட்டம்னு சொல்வீங்களே, நானும் படிச்சேன்பா. பலகையே வேண்டாம், வாயால சொன்னாலே செல்லும்னு அதே சட்டத்துல இருக்கு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப சொல்றேன், கேட்டுக்கங்க. அத வச்சுக்கிட்டு இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதீங்க. வண்டியில விட்டுட்டு வாங்க, எந்தச் சனிக்கிழமை வேணாலும் வாங்க, உங்க நாற்காலி உங்களுக்குத்தான்." பிறகு திரும்பி, "தட்டப் பாத்துட்டிருக்கிற பெரிய மனுஷங்களுக்கும் சேத்துத்தான்" என்றாள்.

எவ்வளவு சுலபமான நிபந்தனை! அடுத்த வாரமே வெர்லன் வந்தார். துப்பாக்கியை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார், இறங்கினார், நடந்தார். வண்டியிலிருந்து வாசலுக்கு நாற்பது அடி. பன்னிரண்டாவது அடியில் நின்றார். இந்த நாற்பது அடிக்குள் ஏதாவது ஆகிவிட்டால்? திரும்பிப் போய் எடுத்துச் செருகிக்கொண்டார். செருகிக்கொண்டு உள்ளே போக முடியாதே! மறுபடி வைத்தார், மறுபடி நடந்தார், மறுபடி திரும்பினார். ஜன்னலுக்குள்ளிருந்து பிர்டி முள்கரண்டியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். கடைசியில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஒன்பது சனிக்கிழமைகள். கிரேசியெலாதான் அட்டைப் பெட்டியில் பான்கேக்கைக் கொண்டுவந்து கொடுப்பாள்.

"என்ன சார், இன்னைக்கும் வண்டிக்குள்ளதானா?"

"உரிமைம்மா! இது உரிமைப் பிரச்சினை."

"சரிதான். பிர்டிக்கு முன்பல்லு விழுந்துடுச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் வெர்லன். "கண்ணாடி வழியா."

உரிமையாம்! பயம் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் துப்பாக்கி கிடையாது, எனக்குத் தெரியும். உங்களிடம் இருப்பது செல்போன், செருப்பு, ஹாரன், அவசரம். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்ற கதவின் முன்னால் 'ரெண்டே நிமிஷம்' என்று நிறுத்தியவர் வேறு யாரோ. நோயாளி தூங்கும் வார்டில் 'அமைதி' என்ற பலகைக்குக் கீழே நின்று மைத்துனரிடம் நிலத்தகராறு பேசியவரும் வேறு யாரோ. இருக்கட்டும். இதைப் படிக்கிற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். சுவரில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

இருந்தாலும் பரவாயில்லை. அது உங்களுக்கு எழுதியதல்ல.