உப்பு மூட்டையும் மாஷிமாவின் தலையணையும்

வேதியியலில் முதுகலை முடித்தவளுக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். (அந்தக் காலம் ஒரு ஜூலை மாதம், காலை பத்தே முக்காலுக்கு முடிந்தது.)

வங்காளத்தில், பெஹாலா என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். நான்காம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும், பிடித்திருந்தால் வேலை. ஏற்கெனவே நான்கு பள்ளிகளில் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்திருந்தேன். இதுவும் போனால் அப்பா ஆசைப்பட்டபடி வங்கிப் பரீட்சைதான். அதனால் கதை வழியே அறிவியல் என்று கிளம்பினேன். பழைய கழுதைக் கதை. உப்பு மூட்டையோடு ஆற்றில் விழுந்ததும் பாரம் குறைந்துபோக, ருசி கண்ட கழுதை மறுநாள் பஞ்சு மூட்டையோடு வேண்டுமென்றே விழுந்து முதுகொடியும். கரைவதும் உறிஞ்சுவதும் ஒரே கதையில்!

துணிப்பையில் இரண்டு கிலோ உப்பு. பஞ்சுக்கு, டாக்குரியாவில் எங்கள் கீழ்வீட்டு மாஷிமாவின் கோல்பாலிஷ். (மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. கோல்பாலிஷ், வங்காளிகள் கட்டிக்கொண்டு தூங்கும் உருட்டுத் தலையணை. அது இல்லாமல் மாஷிமாவுக்குத் தூக்கம் வராது. சாயங்காலமே திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்திருந்தேன்.)

"மழையா இருக்கு. ரெண்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கோயேன்டி" என்றார் துணைக்கு வந்த அப்பா.

"கதையில கழுதை கவர் போட்டுக்கிச்சா? சயின்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியாதுப்பா!"

பெஹாலாவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். "இதுக்கு மேல போகாது" என்று ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். எதிரே பள்ளிக்கூடம் தெரிந்தது. தலையணையைத் தோளில் சுமந்து நான் முன்னால் நடந்தேன். ஒரு கையில் குடையும் மறு கையில் உப்புப் பையுமாக அப்பா பின்னால் வந்தார். பை தண்ணீருக்குள்ளேயே வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

பாதி வழியில் ஒரு பள்ளம். தலையணையோடு முழுசாக முங்கி எழுந்தேன். அதற்கப்புறம் தோளில் இருந்தது தலையணையா, மாஷிமாவேதானா என்று தெரியவில்லை. அடிமேல் அடி வைத்து முக்கிக்கொண்டு நடந்தேன். அப்பாவோ வரவர உற்சாகமாகி என்னைத் தாண்டிப் போய், வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"சீக்கிரம் வாடி! எனக்கு ஒண்ணுமே கஷ்டமா இல்லயே!"

சொட்டச் சொட்ட வகுப்பில் நின்று, "ஒரு ஊரில் ஒரு கழுதை..." என்று ஆரம்பித்தேன். முன்வரிசைச் சிறுமி கையைத் தூக்கினாள்.

"தெரியும் மிஸ். ஜன்னல் வழியா எல்லாரும் பார்த்தோம். பையில என்ன இருந்தது? தாத்தா மட்டும் ஏன் வேகமா வந்தார்?"

"உப்பு" என்றேன், அழாத குறையாக.

முப்பது குழந்தைகளும் ஒரே நேரத்தில், "கரைஞ்சுபோச்சு!" என்று கத்தினார்கள். அடுத்த நிமிடமே பஞ்சுக்கும் விடை சொல்லிவிட்டார்கள். நான் ராத்திரியெல்லாம் எழுதிய பாடம் முடிந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலைமையாசிரியை, "வேலை உனக்குத்தான். ஆனால் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கலாமே?" என்றார்.

அப்பாவைப் பார்த்தேன். வகுப்பு வாசலில் நின்று காலிப் பையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

மாஷிமாவின் தலையணை காய ஆறு நாள் ஆனது. அவர் அந்த ஆறு நாளும் தூங்கவில்லை, எங்களையும் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்று நான் வாயெடுத்தால் போதும், அப்பா ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டிவிடுவார். என் கல்யாணத்தன்று மேடையிலேயே மாப்பிள்ளை கையில் ஒன்றை மடித்து வைத்தார்.

"பத்திரமா வச்சுக்கோங்க, மாப்பிள்ளை. எங்க வீட்டுச் சீர்."