வார்டு மெம்பர் வரும் வரைக்கும்

மைக் பிடித்துப் பழகியவனைப் பெண் கேட்க அனுப்பக் கூடாது. பெண்ணை விட்டுவிட்டுக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வருவான்.

பாகூர்ப் பக்கம் எந்தத் தெருமுனைக் கூட்டம் என்றாலும் அப்போது நான்தான் பேச்சாளன். ஒரு டீக்கும் இரண்டு போண்டாவுக்கும் உலக ஏகாதிபத்தியத்தை அடித்து நொறுக்கித் தருவேன். (அதற்கு இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை.) மதகடிப்பட்டில் கல்லூரியில் படித்தபோது என் பேச்சில் மயங்கிய ஒரே ஜீவன் மூலக்குளத்துச் சுமதி.

எங்கள் ஊர்ப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்; சுமதி குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் பிரான்சுக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் அப்பாவின் ஒரே நிபந்தனை. எனக்கென்ன, அவளோடு என்றால் அந்தமானுக்கும் தயார்.

பெண் கேட்கப் போவதற்கு முதல் நாளே போனில் கெஞ்சினாள். "எங்கப்பா இன்னா கேட்டாலும் 'சரிங்க'ன்னு சொல்லு. மேடைப் பேச்சு வேணாம், உன் கால்ல வுழறேன்."

அண்ணன், அண்ணியோடு போனேன். நாலைந்து "சரிங்க" நல்லபடியாகவே சொல்லி முடித்தேன். அப்போது பார்த்து அவள் அப்பா, "காலையில டவுனுக்குப் போயி பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலுக்கு ஓட்டு போட்டுட்டு வந்தேன் தம்பி" என்றார். எனக்குள் மைக் செட்காரன் சுவிட்சைப் போட்டுவிட்டான். எழுந்து நின்றேன். (உட்கார்ந்து பேச எனக்கு வராது.)

"ஏழு கடல் தாண்டிய நாட்டுக்குத் தலைவனைத் தேர்ந்தெடுக்க இந்த மண்ணில் வாக்கு உண்டு! எங்கள் தெருச் சாக்கடைக்கு ஒரு வார்டு மெம்பரைத் தேர்ந்தெடுக்க வாக்கு உண்டா? இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்று! வல்லரசுகள் குண்டைப் போட்டுவிட்டு அதற்கு ஜனநாயகம் என்று பேர் வைக்கின்றன. நாங்கள் கேட்கும் ஜனநாயகம் ஒரு மண்வெட்டி அளவுதான்!"

அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கதவோரம் சுமதி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தேனோ இல்லையோ, எனக்குச் சனி பிடித்தது.

"உள்ளாட்சித் தேர்தல் வந்து, எங்கள் தெருவுக்கு ஒரு மெம்பர் வரும்வரை இந்த மண்ணைவிட்டு ஓரடி நகரமாட்டேன்!"

பெரியவர் கைதட்டினார். ஓடிவந்து கட்டிக்கொண்டார். "எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரு, நான் அவரு பென்ஷன்ல வளந்தேன். ஊருக்குன்னு ஒண்ணும் செஞ்சதில்ல. உன்ன மாரி ஆளு இங்கதான் இருக்கணும்பா. உன் சபதத்த நான் கெடுக்க மாட்டேன். சுமதிக்கு வேற எடம் பாத்துக்கறேன்."

"ஐயா, அது சும்மா ஒரு பேச்சுக்கு..." என்றேன். தன்னடக்கம் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்.

வாசல்வரை வந்த சுமதி, "பாவி, நல்லாத்தான் பேசின" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். அந்த முகத்துக்காக நான் இன்றும் ஏங்குகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் பிரான்சில் இருக்கிறாள். நான் பாகூரிலேயே, இன்னும் ஒண்டிக்கட்டையாக. உள்ளாட்சித் தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வருஷா வருஷம் யாராவது சொல்வார்கள். உடனே அண்ணி, "இன்னா கொழுந்தனாரே, பெட்டிய கட்டலாமா?" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இனிமேல் தேர்தல் வந்தாலும் நான் எங்கே போக? அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கின்றன.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும், சிரித்து முடிப்பதற்குள், பரண்மேல் இருக்கும் பெட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.