குரங்கு தூக்கிப் போன நியூட்ரான்

ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தெரியாதவர்கள் பெண் பார்க்கும் இடத்துக்குப் போகவே கூடாது. நான் போனேன். அதுவும் பெண்ணாக.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிவகிரி. சீசனில் குளித்த மாதிரியும் ஆச்சு, பெண்ணைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று குற்றாலம் ஐந்தருவிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (அம்மாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.) காரியம் கெடக் கூடாதே என்று பவ்யமாக நின்றேன்.

அவருடைய அப்பா பட்டாளத்தில் இருந்தவர். சாரலில் நனைந்த மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்னம்மா ஆராய்ச்சி பண்ணுத?"

"ஃபிசிக்ஸ், மாமா" என்று நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. அம்மா வாங்கிய பழங்களைக் கைப்பிடிச் சுவரில் பரப்பினேன். ஆறு மங்குஸ்தான், ஆறு ரம்புட்டான்.

"இது கார்பனோட அணுக்கரு, மாமா. மங்குஸ்தான் புரோட்டான், ரம்புட்டான் நியூட்ரான். மூட்டைக்குள்ள நெல்லு மாதிரி சும்மா கெடக்கும்னு நெனைப்போம். கெடக்காது. அதுல ரெண்டு, இதுல ரெண்டுன்னு நாலு சேந்து அப்பப்ப ஒரு கூட்டாயிரும்." மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்தேன். "நட்சத்திரத்துக்குள்ள இப்படி மூணு கூட்டம் வந்து முட்டி, கண்ணிமைக்க முன்ன பிரிஞ்சு போயிரும். எப்பவாவது ஒண்ணு பிரியாம தங்கிரும். அப்படித் தங்குனதுதான் நம்ம ஒடம்புல உள்ள கார்பன் பூராவும்."

மாமா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஒரு குரங்கு வந்து ரம்புட்டான் ஒன்றை எடுத்தது.

புத்தியுள்ள பெண் விட்டிருப்பாள். நான், "ஏலே, நியூட்ரான வையிலே!" என்று பாய்ந்தேன். மிரண்ட குரங்கு மாமாவின் தோளில் தாவியது. மாமா பின்னால் சரிந்து, தேய்த்த வேட்டியோடு பின்னால் ஓடிய ஓடைக்குள் உட்கார்ந்தார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். (தோள் மட்டும் குலுங்கியது.)

மாமா எழவில்லை. இடுப்பளவு தண்ணீரில், உள்ளங்கையை உற்றுப் பார்த்தார்.

"அப்பம், இந்தக் கையி நட்சத்திரத்துக்குள்ள இருந்தா வந்திருக்கு?"

"ஆமா, மாமா."

எத்தனையோ சமன்பாடுகள் எழுதியிருக்கிறேன். என் கையை நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். மேலெல்லாம் சிலிர்த்தது.

"கைய அப்புறம் பாரும்," என்றார் அவர் மனைவி, எனக்கு அத்தையாகப் போகிறவர். "முதல்ல எந்திரியும், வேட்டி போவுது!"

கல்யாணம் தை மாதம் நடந்தது. இன்றும் விசேஷ வீடுகளில் அத்தை என்னைப் பெருமையாக அறிமுகம் செய்கிறார்: "எங்க மருமவ. நட்சத்திரத்துல கரி உண்டாக்குதா."

திருத்துவதை நான் விட்டுவிட்டேன். மாமா மட்டும், முகத்தில் சிரிப்பே இல்லாமல் சேர்த்துக்கொள்வார்:

"கொரங்கு விட்டா."