தவக்காலத்தில் போட்ட இத்தாலிப் படம்

உங்களுக்கு வேறு வேலை கிடையாதா? பேரப்பிள்ளை கண்ட கிழவி என்ன அசிங்கப் படம் பார்த்தாள் என்று கேட்க வெட்கமாயில்லை? சரி, வந்தது வந்தீர்கள், இருங்கள்.

லண்டனில் இந்தக் கோலியர்ஸ் வுட் பக்கம் எங்கள் இத்தாலிக்காரியைப்போலப் பொய் சொல்ல இன்னொருத்தி இனித்தான் பிறக்க வேண்டும். மன்னார்க்காரி. இத்தாலியில் இருபது வருடம் ஒரு சீமாட்டியைப் பராமரித்துவிட்டு இங்கே வந்தவள். பஸ் பிந்தினால் இத்தாலி மொழியில் கிழிகிழியென்று கிழிப்பாள். திரும்பிப் பார்த்தால், "செபம் சொன்னனான்" என்பாள்.

தவக்கால வெள்ளிகளில் எங்கள் செபக்கூட்டம் வீட்டுக்கு வீடு புனிதர் படம் பார்க்கும். போன வருடம் நான் போட்டது பேய்ப்படமாகிவிட்டது. "அக்கா, இந்த முறையும் பிழைச்சால் கூட்டத்துக்கு வரவேண்டாம்" என்று தலைவி சொல்லிவிட்டா. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் கிழமை முழுக்க நானும் ரீவியும்தான்.

எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. பழைய சாமான் கடை டிவிடி ஒன்றில் ஒரு பெண்: கறுப்பு முக்காடு, கையில் மெழுகுதிரி, கன்னத்தில் கண்ணீர். புனிதை இல்லாமல் வேறு யார்? வாங்கி வந்து என் வீட்டு முறை வெள்ளியில் போட்டேன். பேச்செல்லாம் இத்தாலி.

பத்தாவது நிமிடம் புனிதை தோட்டக்காரனைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பொத்தானில் கை வைத்தா.

"என்னக்கா இது?" என்றா தலைவி. நான் றிமோட்டைத் தேடினேன். அதன்மேல்தான் குந்தியிருந்தேன்.

இத்தாலிக்காரி எழும்பி ரீவிக்கு முன்னால் நின்றாள். நடிகையின் கழுத்துக்கு மேலேதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பொறுங்கோ, நான் தமிழிலை சொல்லுறன். உடுப்பை ஏழைக்குக் குடுக்கிறா."

"ஏன் உப்பிடி மூச்சு வாங்குது?"

"ஓடிப்போய்க் குடுத்தவவெல்லே!"

கடைசியில் நடிகை அவனைக் கத்தியால் குத்தினா. "அவன் ஏழையில்லை, கள்ளன்" என்றாள் இவள், கண் இமைக்காமல். பிறகு நடிகை கண்ணாடியைப் பார்த்தா. ஒரு சொல் இல்லை. வாய் சிரித்தது, கண் வழிந்தது. இத்தாலிக்காரியும் வாயை மூடிக்கொண்டாள். தலைவி மூக்கைச் சீறினா. "செய்த பாவத்துக்கு இப்பிடி மனஸ்தாபப்பட எங்களுக்கு ஏலுமே? நல்ல படம் அக்கா."

எல்லோரும் போன பிறகு கேட்டேன்: "எடியே, உண்மையிலை என்ன கதை?"

"அந்த முகம் உண்மை அக்கா. மிச்சமெல்லாம் நான்."

சுவருக்குச் செவி இருந்திருக்கிறது. வாசலில் பக்கத்து வீட்டார் அவளை மறித்து, அது என்ன முனகல் என்று கேட்டார்களாம். "அக்காவுக்கு முழங்கால் நோ. எண்ணெய் போட்டு உருவினனான்" என்றாளாம். என் முழங்காலுக்கு அவ்வளவு ருசியாக முனகத் தெரியாது.

அடுத்த வெள்ளி எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றாள். அதற்கடுத்த வெள்ளியும். "எனக்கு நோவே இல்லையடி" என்றேன்.

"காலை நீட்டுங்கோ அக்கா. அயலுக்குச் சொன்னது பொய்யாப் போயிடும்."